ஒரே அடுப்பில் பிபிம்பாப்

லிங்கராஜபுரம், பெங்களூரு

அன்பு மகள் நிக்கோலுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், கொரியாவில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அம்மா அனுப்பும் பார்சலில் பருப்புப்பொடிக்கு அடியில் இந்தக் கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் வைக்கிறேன், போனில் பேசலாம் என்றால் அவள் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. உன் அண்ணன் க்ளென் பீன்யா கம்பெனியில் நைட் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டு பகலெல்லாம் தூங்குகிறான், நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

நானே செய்தேன் அப்பா என்று வாராவாரம் பிபிம்பாப் என்கிற கொரியக் கலவைச் சோற்றுப் போட்டோ அனுப்புகிறாயே, அதைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கும் அந்தச் சோற்றின்மேல் ஆசை வந்துவிட்டது. போன ஞாயிறு பூசை முடிந்ததும் கம்மனஹள்ளிக் கடையில் அந்தச் சிவப்பு மிளகாய் விழுதை வாங்கிவந்து நானே செய்ய இறங்கினேன். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வதக்கிவிடலாம் என்று நினைத்தால், கேரட் தனி, கீரை தனி, முளைப்பயறு தனி, காளான் தனி, கடைசியில் முட்டை வேறு. இரண்டு அடுப்பையும் எரியவிட்டு, வீட்டிலிருக்கிற வாணலியெல்லாம் எடுத்தும் மத்தியானமே போய்விட்டது. கடைசியில எல்லாத்தையும் பிசையத்தானே போறோம், இதுக்கு ஏன் இத்தனை பாத்திரம் என்று அம்மா சிரித்தாள், ஆனால் மிச்சம் வைக்கவில்லை. எம் பொண்ணு அங்க வாய்க்கு ருசியா செஞ்சு சாப்பிடறா என்று அவளுக்கு ஒரே பெருமை.

பாத்திரம் தேய்க்கும்போதுதான் எனக்கு உன் அடுப்பு ஞாபகம் வந்தது. உன் அறையில் ஒற்றைக் கரண்ட் அடுப்பும் ஒரு சட்டியும்தான் என்று நீயே சொன்னாய், லேபிலிருந்து வரவே ராத்திரியாகிறது என்றும் சொல்கிறாய், அப்புறம் இத்தனையும் எப்படிக் கண்ணு? கையைத் துடைத்துக்கொண்டு உன் போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். எல்லா வாரமும் கீரை அதே பக்கம் தொங்குகிறது, மஞ்சள்கரு அதே இடத்தில் உடைந்திருக்கிறது, ஒரே போட்டோவைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறாய். கடையில் வாங்கிச் சாப்பிட்டால் எனக்கு ஒன்றுமில்லை, வாங்காமலும் செய்யாமலும் இருக்கிறாயோ என்றுதான் பயம். உடம்பு முடியவில்லையா, யாராவது ஏதாவது சொன்னார்களா, ஆராய்ச்சி ஓடவில்லையா, எதுவானாலும் சொல். திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றினாலும் வெட்கப்படாதே, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. அம்மாவிடம் நான் வாய் திறக்கவில்லை, அவள் அந்தப் போட்டோவைக் கோயிலில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

பொடியில் ஈரக் கரண்டி போடாதே, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றட்டும். இனி வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் அம்மா குழந்தை இயேசு நவநாளுக்குப் போய்விடுவாள், நான் மட்டும் இருப்பேன், மறக்காமல் அப்போது வீடியோவில் கூப்பிடு. தட்டில் வெறும் சோறு இருந்தாலும் சரி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி, கேமராவை உன் முகத்துக்கு நேராக வை, எனக்கு அது போதும்.

உன் அப்பா,
மதலைமுத்து