சிவப்புப் பொட்டு வைத்த அட்டை

சரசோட்டா, ஃப்ளோரிடா
ஏப்ரல் 9

அன்புள்ள லெஸ்டருக்கு,

வேர்னன் எழுதுகிறேன். இங்கே சுகம். நீயும் மார்ஜியும் சுகமாக இருக்க வேண்டும். ஐரீனுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என்னை உற்றுப் பார்த்து, "இவ்ளோ கெழவனாயிட்டீங்களா, யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று போனில், "அபிசாய் அட்டையிலேர்ந்து உன் பேர எடுத்துடு வேர்னன், வியாழக்கிழமை கூட்டத்துக்கு முன்னாடி. மீதிய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். போனில் உன்னிடம் பேசி ஜெயித்தவன் எவனும் கிடையாது. அதனால்தான் கடிதம். என் பதில், முடியாது. எடுக்க மாட்டேன்.

நம் அணிக்குப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பலகையில் அபிசாயின் அட்டை எப்படித் தெரிகிறது என்று எனக்குத் தெரியாதா? அணி டாக்டர், உடம்பு தாங்காது என்று, அதில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறார். இடது முழங்காலில் இரண்டு தடவை கத்தி வைத்தாயிற்று. வயது இருபத்து நாலு. பிறந்ததிலிருந்து ஃபிஜியில் ரக்பி ஆடியவன், தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டி நம் அமெரிக்க ஃபுட்பால் ஆட வந்தது இந்த ஜனவரியில்தான். அட்டையின் அடியில் சிபாரிசு செய்தவன் என்று என் பெயர் மட்டும் இருக்கிறது. அந்த அறையில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்தப் பந்தயப் படத்தைத்தானே எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறீர்கள்? பந்தைப் பிடித்து முப்பது கஜம் ஓடினான். மூன்று பேர் மேலே விழுந்தார்கள். விழும்போதே ஒற்றைக் கையால், திரும்பிக்கூடப் பார்க்காமல், பந்தைப் பின்னால் வீசிவிட்டான். எதிரணிக்காரன் பொறுக்கிக்கொண்டு ஓடிப் புள்ளி எடுத்துவிட்டான். பயிற்சியாளர் பிராடி, "என்னடா இது, கல்யாணப் பொண்ணு பூச்செண்டு வீசுற மாதிரி" என்றார். நானும்தான் சிரித்தேன். பிறகு ஒன்பது தடவை பார்த்தேன். ரக்பியில் பிடிபட்டவன் பின்னால் ஓடி வருகிறவனுக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும். அது அவன் கையில் ஊறிய பழக்கம். பந்து போய் விழுந்த இடத்தைப் பார். நம் பழைய ஆட்டக்காரர்களுக்கே வராத கணக்கு. அங்கே வந்திருக்க வேண்டிய அவன் அணிக்காரன் இடுப்பில் கையை வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். இறுக்கிப் பிடித்துக்கொள் என்று ஒருவனுக்கு ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுக்கலாம். அந்தக் கண்ணை எவன் சொல்லிக்கொடுப்பான்?

இன்னொரு கூத்து. பந்தோடு வருகிறவனுக்காக முன்னால் போய் எதிராளியை முட்டி வழி உண்டாக்கச் சொன்னால், நின்றுவிட்டான். ஏனென்று கேட்டால், "அவன்கிட்ட பந்தே இல்லியே சார், அவன் என்ன தப்பு பண்ணான்னு முட்டுறது?" என்கிறான். அவன் ஊர் ஆட்டத்தில் பந்தில்லாதவனைத் தொட்டாலே தண்டனையாம். பிராடிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு வாரம் கழித்து பிராடியே என்னிடம் வந்து, "இப்ப முட்டுறத நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டேங்கறான்யா" என்று அலுத்துக்கொண்டார்.

முழங்காலுக்கு டாக்டர் படம் எடுத்தார். நான் பயிற்சிக்குப் போய்வரும் பேருந்தின் படிக்கட்டைப் பார்த்தேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்த வித்தைதானே அது? வலி இருப்பவன் படியிறங்கும்போது கெட்ட காலைத்தான் எப்போதும் முதலில் வைப்பான், தனக்கே தெரியாமல். மூன்று வாரம் காலையும் மாலையும் பார்த்தேன். ஒருநாள் இடது, ஒருநாள் வலது. அவனுக்கு அந்த நினைப்பே இல்லை. தேறிவிடுவான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பத்துக்கு மூன்று என்பேன். கடைசிச் சுற்றில் எடுக்க அது போதும்.

இனி எழுதப்போவதைப் பதினாலு வருஷமாக எழுதாமல் இருந்தேன். மிசிசிப்பியில் நாம் பார்த்துச் சிபாரிசு செய்த ஆட்டக்காரன் வெண்டல் ஓட்டிஸ். அவன் அட்டையில் உன் பெயரும் இருந்தது, என் பெயரும் இருந்தது. கூட்டத்தன்று எல்லோருக்கும் முன்னால் அறைக்குப் போய் என் பெயரைக் கிழித்தவன் நான்தான். பயம். வேறொன்றும் இல்லை. உன் ஒருவன் பேச்சை நம்பி அவனை எடுத்தார்கள். இரண்டாவது வாரமே அவன் தோள் போயிற்று, உன்னை வேலையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். நீ மச்சான் கடையில் இரண்டு வருஷம் டயர் விற்றாய். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு உனக்கு வாழ்த்து அட்டை அனுப்பினேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று நீ 'பேர எடுத்துடு' என்ற தோரணையில்தான் புரிந்தது, உனக்கு அன்றே தெரியும் என்று. இன்று நீ திரும்பி வந்து, அணிக்கு ஆள் எடுக்கும் பெரிய பதவியில் இருக்கிறாய். அபிசாயை நீ எடுக்கத்தான் போகிறாய். பிடிக்காத பையனின் ஓட்டப் படத்தை மூன்று தடவை அனுப்பச் சொல்கிறவன் நீ இல்லை. எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது, தவறினால் பழி உன் ஒருவன் தலையில் விழட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். உன் பெருந்தன்மையை நீயே வைத்துக்கொள். எனக்கு வேண்டாம்.

அபிசாயைப் பற்றிய அறிக்கையில் மறுபடி கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை அறையில் முதல் ஆளாக நான் இருப்பேன். வேலை போனால் போகட்டும், ஐரீனிடம் சொல்லிவிட்டேன். "டயர் கடையில ஆள் எடுக்கறாங்களான்னு லெஸ்டர்கிட்டயே கேளுங்க" என்றாள்.

ஆண்டவன் உன் வீட்டில் எல்லோரையும் நன்றாக வைத்திருக்கட்டும். அன்று என் பக்கத்து நாற்காலியில் உட்கார், லெஸ்டர். உனக்கு மனமிருந்தால்.

உன்
வேர்னன் ஹ்ருஸ்கா