பொது என்றொரு கணக்கு

ஜூன் 3, செவ்வாய்

மாமா தன் அறையை விட்டு எழுந்து என் மேஜைக்கு வந்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். இன்று வந்தார். கம்பெனி அவருடையது, சர்வர் என் பொறுப்பு. ஆபீசில் அவரை சார் என்று கூப்பிட வேண்டும். வீட்டில் அக்கா புருஷன், மாமா. கோபம் வந்தால் எனக்கு இரண்டும் குழம்பிவிடும்.

"கோர்ட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்கம்மா. ஆளுக்கு ஒரு கணக்கு வேணுமாம். மாசக் கடைசிக்குள்ள. இல்லைன்னா ஒலிப்பதிவு அனுப்ப மாட்டாங்களாம்."

இதை நான் எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்! நான் சொன்னபோது "பாக்கலாம்" என்றவர், வெளியாள் சொன்னதும் ஓடி வருகிறார்.

நாங்கள் செய்வது எளிமையான வேலைதான். கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் பேசியதைப் பதிவு செய்து, கிளவுடில் இருக்கும் எங்கள் சர்வருக்கு அனுப்புவார்கள். எங்கள் டைப்பிஸ்டுகள் அதை இறக்கி, கேட்டு, டைப் செய்து திரும்ப ஏற்றுவார்கள். பாதிப் பேர் ஆபீசில், மீதிப் பேர் அவரவர் வீட்டில். அத்தனை பேரும் நுழைவது ஒரே கணக்கில். அதன் பெயர் 'பொது'. கடவுச்சொல், மாமா முதன்முதலில் வாங்கிய காரின் பெயர். ஏசி ரிப்பேர் பார்க்க வந்த ஆளுக்குக்கூடத் தெரியும்.

இனி ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி ஃபோல்டர், தனிச் சாவி. எல்லோருக்கும் எழுதி அனுப்பிவிட்டேன்: உங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு கோப்பு உண்டாகும். ஒன்று பூட்டு, இன்னொன்று சாவி. பூட்டை எனக்கு அனுப்புங்கள், சர்வரில் மாட்டிவிடுகிறேன். சாவியை யாருக்கும் தரக்கூடாது, எனக்கும்தான்.

இதில் குழம்ப என்ன இருக்கிறது?

ஜூன் 5, வியாழன்

குழம்பிவிட்டார்கள். பாதிக்கு மேல் சாவியைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஒருத்தர் திரையை செல்போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார், ஓரத்தில் அவர் கட்டைவிரலும் தெரிகிறது. ஒரு அம்மா இரண்டையும் அனுப்பிவிட்டு, "எது தேவையோ எடுத்துக்கோங்க, மீதியை அழிச்சிடுங்க" என்று பெருந்தன்மையாக எழுதியிருக்கிறார்.

"சாவியை எனக்கே தரக்கூடாதுன்னு எழுதியிருந்தேனே?" என்று போனில் கேட்டேன்.

"உங்களை நம்பாம வேற யாரை நம்புறது?"

இதுக்கு என்னன்னு பதில் சொல்றது? எல்லாருக்கும் புதுசா உண்டாக்கச் சொல்லியிருக்கேன். மறுபடியும் முதல்ல இருந்து.

ஜூன் 9, திங்கள்

சிலருக்குக் கணக்கைத் திறந்துவிட்டேன். உள்ளே போனால் அவரவர் ஃபோல்டர் மட்டும் தெரியும், மற்றவர்களுடையது இருப்பதே தெரியாது. அப்படித்தான் அமைத்திருக்கிறேன். திறந்த கையோடு போன்.

"ஐயோ, எல்லாத்தையும் காணோம்! சர்வர் காலி!"

"காலியாகலைங்க. உங்களோடது மட்டும் தெரியுது."

"அப்போ மத்தவங்களோடது?"

"உங்களுக்கு எதுக்கு அது?"

"சும்மா கேட்டேன்."

இந்த 'சும்மா'தான் எனக்குப் பிடிபடவில்லை.

மத்தியானம் ஸ்பீக்கர் வந்தார். டைப் செய்ததைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளர். ரகசியம் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும் என்பதால் இந்தப் பெயர். அவருக்கு எல்லா ஃபோல்டரும் வேண்டுமாம். அவர் சரிபார்க்க வேண்டியது தானாக அவரிடம் வரும் என்றேன்.

"அப்போ நான் யாரு இங்க? வாட்ச்மேனா?"

நேரே மாமாவிடம் போனார். மாமா என்னைக் கூப்பிட்டார். "குடுத்துத் தொலையேன்ம்மா. காது வலிக்குது."

"முடியாது சார்."

"மாமான்னு கூப்பிட்டுப் பாரு, மனசு மாறும்."

சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் கொடுக்கவில்லை. ஆனால் 'பொது' இன்னும் மூடவில்லை, அதனால் ஸ்பீக்கருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. எல்லோரும் பூட்டை ஒழுங்காக அனுப்பினால்தானே மூட முடியும்?

ஜூன் 10, செவ்வாய்

தலைவலி. அக்கா போனில், "அவர் பிபி மாத்திரை போட்டாரான்னு பாரு." இவர் மாத்திரைக்கும் நான்தான் பொறுப்பு.

ஜூன் 12, வியாழன்

நடந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

கமா இன்று ஆபீசுக்கு வந்தாள். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். மூச்சு விடுகிற இடத்தில்கூடக் கமா போட்டுவிடுவாள், அதனால் நாங்கள் வைத்த பெயர். அவளுக்கும் தெரியும், கோபப்பட மாட்டாள். ஆபீசில் அவள் முகம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவள் கம்ப்யூட்டரில் சாவி உண்டாக மாட்டேன் என்று அடம்பிடித்ததால், தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

சாப்பாட்டு நேரம். அடுத்த அறையில் ஸ்பீக்கரும் இன்னும் நாலைந்து பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் அங்கே ஏதாவது ஓடும். பேச்சு, அழுகை, நடுவில் இவர்கள் சிரிப்பு. ஏதோ சீரியல் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இன்றும் ஒரு பொம்பளை அழுதுகொண்டே பேசினாள். "அவர் அடிச்சதை எங்க அம்மாகிட்டகூடச் சொல்லல" என்றாள். ஸ்பீக்கர், "இப்ப வக்கீல் ஒரு கேள்வி கேப்பான் பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கமாவிடம், "இந்த பட்டனை அமுக்குங்க" என்றேன். அவள் அமுக்கவில்லை. விரல் அப்படியே நின்றது.

"இது நான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "என்ன?"

"அங்க பேசுறது. நான்தான்."

அவள் விவாகரத்து வழக்கு. அதன் பதிவு எங்களிடமே டைப்புக்கு வந்திருக்கிறது. பொதுவில் கிடந்திருக்கிறது. அதை எடுத்து, போட்டு, சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொண்டு...

எழுந்து ஓடி அந்தக் கதவைத் திறந்தேன். என்ன கத்தினேன்னு ஞாபகம் இல்ல. நிறுத்துங்கன்னு மட்டும்தான் சொன்னேனா? ஸ்பீக்கர், "ஏம்மா, என்ன ஆச்சு?"ன்னு வாயில சோத்தோட கேட்டார். என் பின்னாடி கமா நின்னா. அவங்களுக்கு அப்பவும் புரியல. அந்தக் குரல் இவளோடதுன்னு நான்தான் சொன்னேன்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வேற யார் யார் கேட்டாங்கன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

பார்த்தேன். சர்வர் எல்லாவற்றையும் குறித்து வைக்கும். அந்தக் கோப்பைத் திறந்தது யார்? பொது. மறுபடி? பொது. அதற்கு முன்னால்? பொது.

"பொதுன்னா யாரு?"

"எல்லாரும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"கோர்ட்டுல கதவைச் சாத்திட்டுத்தான் கேட்டாங்க. வெளியாள் யாரும் இல்ல, தைரியமா பேசுங்கன்னு சொன்னாங்க. அதனாலதான் பேசினேன்."

கம்ப்யூட்டரைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சாவி உண்டாக்கவே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

மாமாவிடம் பேசினேன். பேச்சு என்று சொல்ல முடியாது.

"அவன் வேணும்னு பண்ணலம்மா. குரலை வச்சு நம்ம ஆளுன்னு எப்படித் தெரியும்?"

"வேற யாரோன்னா சிரிக்கலாமா?"

கடைசியில் மாமா, அந்தப் பெண்ணிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் விஷயம் வெளியே போக வேண்டாம், 'பொது' மாசக் கடைசி வரை இருக்கட்டும், புதுக் கணக்குகளைக் கோர்ட்டுக்குக் காட்டினால் போதும் என்றார்.

"கோர்ட்டுக்கு நாமதான் போய்ச் சொல்லணும் மாமா."

"சொன்னா வேலை போயிடும். இத்தனை குடும்பம் இருக்கு. யோசிச்சுப் பேசு."

இந்த இத்தனை குடும்பத்துல அவ சேர்த்தி இல்லையா?

மேஜைக்கு வந்தேன். யாரையும் கேட்கவில்லை. 'பொது'வை மூடினேன்.

ஜூன் 14, சனி

சந்தைக்கூட்டம். 'பொது' திறக்கவில்லை என்று போன் மேல் போன். பூட்டு அனுப்புங்கள், திறக்கும் என்று ஒரே பாட்டு. சாயங்காலத்துக்குள் முக்கால்வாசிப் பேர் சரியான கோப்பை அனுப்பிவிட்டார்கள். பத்து நாளாகப் புரியாதது ஒரே நாளில் எப்படிப் புரிந்ததோ! கட்டைவிரல்காரர் மட்டும் இன்னும் படம்தான் அனுப்புகிறார்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா கூப்பிட்டாள். "ஏண்டி, அவரை எதிர்த்துப் பேசினியாமே? உனக்கு வேலை போட்டுக் குடுத்தவர்டி." நடந்ததை முழுவதும் சொன்னேன். அக்கா கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நான் ஒருதரம் அவர்கூடச் சண்டை போட்டுட்டு உன் ரூமுக்கு வந்து ரெண்டு நாள் இருந்தேனே. அப்ப என்னென்னமோ உளறினேன். நீ யார்கிட்டயும் சொல்லல இல்ல?"

"என்னக்கா இது கேள்வி?"

"சரி, வை. நான் அவர்கிட்ட பேசுறேன்."

ஜூன் 17, செவ்வாய்

காலையில் மாமா கார் சாவியோடு வந்து நின்றார். "வா, போலாம்." சிக்னலில் நின்றபோது, "உங்க அக்கா மூணு நாளா எங்கூடப் பேசல" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோர்ட் ஆபீசில் ஒலிப்பதிவுப் பிரிவு அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மா. நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவை மூடிவைத்தார்.

"யார் யார் கேட்டாங்க?"

"தெரியலைங்க."

"தெரியலைன்னா என்ன அர்த்தம்?"

நான் வாயெடுப்பதற்குள் மாமா சொன்னார். "தெரிஞ்சுக்கிற மாதிரி நான் வைக்கலைங்க. இந்தப் பொண்ணு பல தடவை சொன்னா. நான்தான் கேக்கல."

எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் அவர் பேசிக் கேட்டிருக்கிறேன். இந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அந்தப் பதிவைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள். கமாவுக்கு முறைப்படி அவர்களே தெரிவிப்பார்களாம். எங்கள் சர்வரை ஆள் அனுப்பிச் சோதிப்பார்களாம், அது முடியும் வரை கோர்ட் வேலை எங்களுக்குக் கிடையாது. ஆஸ்பத்திரி வேலை மட்டும் ஓடும்.

ஜூன் 20, வெள்ளி

ஸ்பீக்கரை மாமா வேலையை விட்டு நிறுத்திவிட்டார். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆபீஸ் அநியாயத்துக்கு அமைதியாக இருக்கிறது. மற்றவர்கள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். கோர்ட் வேலை நின்றதற்கு என்னைத்தான் திட்டுகிறார்கள் என்று தெரியும். திட்டட்டும்.

கமா போனை எடுக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

சோதனைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஏதோ ஒரு கோப்பைக் காட்டி, யார் திறந்தார்கள் என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னேன். ஏன் திறந்தார் என்றார்கள். அவருக்கு ஒதுக்கிய வேலை என்று காட்டினேன். வேறு யாராவது திறக்க முயன்றால்? உட்கார்ந்து என் பெயரிலேயே முயன்று காட்டினேன். சர்வர் என்னையே வெளியே தள்ளியது. மாமா கதவருகே நின்று பார்த்தார்.

"உன்னையுமா விடாது?" என்றார் அவர்கள் போனபிறகு.

"என்னையும்தான்."

"அப்போ சரி."

ஜூலை 21, திங்கள்

கோர்ட் வேலை பாதி திரும்ப வந்திருக்கிறது. மீதி வருமா, தெரியாது.

ஜூலை 24, வியாழன்

கமா கூப்பிட்டாள். குசலம் ஒன்றும் கிடையாது. "என் கணக்கு இருக்கா, எடுத்துட்டீங்களா?"

"இருக்கு. பேரு மட்டும் போட்டு வச்சிருக்கேன், பூட்டு மாட்டல."

"என்ன பேரு?"

படித்தேன். ஆபீஸ் பதிவில் இருந்தபடியே போட்டிருந்தேன். அவள் பெயர், அதற்குப் பின்னால் வீட்டுக்காரர் பெயர்.

"அந்த ரெண்டாவது பேரை எடுத்துடுங்க. தீர்ப்பு வந்துடுச்சு."

என்ன சொல்வது என்று தெரியாமல், தெரிந்ததைச் சொன்னேன். இந்தச் சர்வரில் வைத்த பெயரை மாற்ற முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் உண்டாக்க வேண்டும், ஃபோல்டர், அனுமதி எல்லாம் முதலிலிருந்து.

"அழிச்சிடுங்க" என்றாள்.

அழித்தேன். புதிதாக உண்டாக்கினேன். ஃபோல்டரை இணைக்க மறந்து, உள்ளே போகாமல் நின்றது. அதைச் சரிசெய்தால் அவள் கம்ப்யூட்டர் தகராறு. அவளைப் போனிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில், "ஒரு பேரு போட இவ்வளவு நேரமா? என்னத்த சர்வரோ!" என்று சலித்துக்கொண்டாள். எனக்கும் சுள்ளென்று வந்தது. "நீங்க வந்து உக்காந்து பாருங்க, தெரியும்" என்றேன். இரண்டு பேரும் சளைக்காமல் பேசிக்கொண்டோம்.

கடைசியில் திறந்தது. சாயங்காலம் அவள் ஏற்றிய முதல் கோப்பு வந்தது. கோப்பின் பெயரில் ஏதோ ஆஸ்பத்திரிக் கூட்டம் என்றிருந்தது. சரியாக வந்ததா என்று அளவை மட்டும் பார்த்தேன். திறக்க முயலவில்லை.