வாயால் சொல்லலாம், எழுதித் தரக் கூடாது

22.6.2009

இன்று ஒன்பது பேருக்கு "செல்லும்" என்று சொன்னேன். ஏழு பேர் போனில், இரண்டு பேர் நேரில். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரிக்குக் கிடைத்த வேலை இது.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு செல்போன் கடை மாடியில் எங்கள் மையம். டிப்ளமா படித்துவிட்டு சிப்காட் பக்கம் வேலை பார்ப்பவர்களைத் தபாலிலேயே பி.டெக். ஆக்குகிறோம். பல்கலைக்கழகம் வடக்கே எங்கோ இருக்கிறது. டைரக்டர் ஸம்பத்குமார் சாரும் அதைப் பார்த்ததில்லை. சுவரில் அதன் படம் மட்டும். படத்தில் நிறையப் புல்.

சார் சொல்லித் தந்த விதி ஒன்றே ஒன்று. "டிகிரி செல்லுமான்னு கேட்டா வாயால சொல்லு, ஆரிபா. எழுதி மட்டும் குட்த்துடாத."

எதற்காக என்னை வேலைக்கு எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற ஆளா நான்? அவராகவே யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "வாயத் தொறக்காத பொண்ணுபா. அது பொய் சொல்லும்னு எவனுக்கும் தோணாது."

29.6.2009

பழவேற்காட்டில் வாப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், மகளுக்குக் காலேஜில் வேலை என்று. எங்கள் மையத்தில் மாடிப்படியைத் தவிர காலேஜ் போல எதுவும் இல்லை.

12.7.2009, ஞாயிறு

செய்முறைத் தேர்வு. பல்கலைக்கழகத்தின் "வொர்க்‌ஷாப்", பச்சையப்பன் என்பவரின் லேத் பட்டறை. ஒரு நாள் வாடகை.

அதே பட்டறையில் ஒன்பது வருடமாக லேத் ஓட்டும் பாக்கியராஜ் எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர். தினமும் சம்பளம் வாங்கி ஓட்டும் மிஷினை இன்று கட்டணம் கட்டி ஓட்டினார். தேர்வாளர் வெள்ளைச் சட்டை. எண்ணெய் பட்டுவிடும் என்று வாசலோடு நின்றுகொண்டார். "தம்பி, அத்த ஆன் பண்ணு, பாக்கலாம்."

தம்பி ஆன் செய்தார். மற்ற பதினாறு பேருக்கும் தாமே கடைசல் செய்து கொடுத்துவிட்டு, கடைசியில் தமக்குச் செய்துகொண்டார்.

மார்க் பட்டியலைத் தேர்வாளர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். பதினாறு பேருக்கும் எழுபதுக்கு மேல். பாக்கியராஜுக்கு ஐம்பத்தெட்டு. "மிஷின் மேல ரொம்ப உரிமை எடுத்துக்கிறான்," என்றார் தேர்வாளர்.

பச்சையப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாடா பாக்கி, என் மிஷின்லயே பெயிலாவப் பாத்தியே!"

5.8.2009

பேப்பரில் செய்தி. தபால் வழி பி.இ., பி.டெக். பட்டத்தை அங்கீகரிப்பதில்லை என்று டெல்லியில் முடிவாம். சாரிடம் காட்டினேன்.

"டெல்லின்னுதான போட்டுக்கீறான்? கும்மிடிப்பூண்டின்னு போட்டுக்கீறானா?"

அந்தப் பக்கத்தைக் கிழித்து வடையில் எண்ணெய் ஒற்றினார். இன்று பதினேழு பேருக்குச் "செல்லும்" சொன்னேன்.

7.8.2009

மாலையில் பாக்கியராஜ் வந்தார். சார் இல்லை.

"மேடம், கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. நம்ம டிகிரி செல்லுமா?"

சென்னையில் ஒரு அரசுக் கல்லூரியில் மாலை நேர பி.இ. இருக்கிறதாம், வேலைக்குப் போகும் டிப்ளமாக்காரர்களுக்கு. பதினான்காம் தேதி கடைசி. அதற்குப் போட வேண்டுமென்றால் டிப்ளமா ஒரிஜினல் வேண்டும். ஒரிஜினல் எங்கள் பீரோவில். எல்லோருடையதையும் "சரிபார்க்க" என்று வாங்கிப் பூட்டிவைத்திருக்கிறோம். அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். "கோர்ஸ் முட்ச்சிட்டு வாங்கிக்கோ. எங்க ஓடப்போவுது?" என்றாராம் சார்.

"வயசு முப்பத்தொண்ணு மேடம். ஒரு கம்பெனிக்காரங்க பி.இ. படிக்கிறேன்னு காட்டுனா இப்பவே எடுத்துக்குறோம்ன்றாங்க. இந்த வருசம் உட்டா வேற ஆளப் போட்டுக்குவாங்க. நம்மளது செல்லும்னா நான் ஏன் அங்க அலையணும்? நீங்க சொல்லுங்க."

செல்லும் என்றேன்.

பழக்கம். தும்மல் வருவதுபோல் வந்துவிட்டது.

"நீங்க சொன்னா கரெக்டா இருக்கும் மேடம்." இறங்கிப் போய்விட்டார். படியில் விசில் அடித்துக்கொண்டே போனார்.

இன்னா பொம்பள நான்? ஒரு வார்த்தை — கடைசி ரெண்டு எழுத்து மாத்திச் சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சிடும்? வாய்ல இன்னா கொழுக்கட்டையா?

10.8.2009

தொண்டை கட்டிவிட்டது என்று சாருக்கு எழுதிக் காட்டினேன். போன் எடுக்கவில்லை.

13.8.2009

சார் ஆர்.கே.பேட்டைக்குப் போயிருந்தார், புதுக் கிளைக்கு இடம் பார்க்க. பீரோவைத் திறந்து பாக்கியராஜின் டிப்ளமாவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

லேத் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மையத்தின் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தேன்: "இந்த பி.டெக். செல்லாது." கீழே என் பெயர், தேதி. முத்திரையும் குத்தியிருந்தேன். செய்வதைத் திருத்தமாகச் செய்ய வேண்டும் அல்லவா?

அவர் மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு முறை படித்தார். "அப்ப அன்னிக்கு?" என்றார்.

"பொய்," என்றேன். அது கேட்டது.

கோபப்படுவார் என்று நின்றேன். அவர் தம் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை கிரீஸ். டிப்ளமாவைத் தொடவில்லை. பச்சையப்பன்தான் வாங்கிப் பிடித்துக்கொண்டார். "இன்னும் இன்னாத்துக்கு நின்னுகினு கீற? கைய கழுவிக்கினு ரயிலப் புடிடா!"

14.8.2009

காலை ஒன்பதுக்கே படியில் கூட்டம். பட்டறை வாய் எவ்வளவு பெரியது! முப்பத்தோரு ஒரிஜினல், முப்பத்தோரு கையெழுத்து. மத்தியானத்துக்குள் பீரோ காலி. உள்ளே ஒரு பாச்சை மட்டும், அதை யாரும் கேட்கவில்லை.

சார் வந்ததும் கத்தினார். "உப்பு போட்டு சோறுதான துன்ற? உன்ன நம்பித்தான சாவியக் குட்த்தேன்!"

நம்பியது உண்மைதான். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

16.8.2009

காலேஜை மூடிவிட்டார்கள் என்று வாப்பாவிடம் சொன்னேன். இவ்வளவு நாள் சொன்னதில் இது சின்னப் பொய்.

26.9.2009, சனி

சிப்காட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனி லேபில் சேர்ந்து பத்து நாள். இன்று அரை நாள். ரயிலில் பாக்கியராஜ் எதிரே வந்து உட்கார்ந்தார். இடம் கிடைத்துவிட்டது, வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார். புதுக் கம்பெனியில் சேர்ந்தும் ஆயிற்று. கூட வேலை செய்யும் மூன்று பேர் உடன் இருந்தார்கள்.

"டேய், நான் சொன்னேனே, இவங்கதான். அட்மிசன் எங்க போடறதுன்னு இவங்களக் கேளுங்கடா."

ஒருவர் பையிலிருந்து வழவழப்பான ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். வேறு ஊர், வேறு பல்கலைக்கழகம், அதே புல். "இத்த கொஞ்சம் பாத்து சொல்லுங்க மேடம்."

கவரைப்பேட்டையில் பேச ஆரம்பித்தேன். பக்கத்து சீட்டில் இருந்த கீரைக்கார அம்மாள்கூடத் தம் பேரனுக்காக இரண்டு சந்தேகம் கேட்டார்.

நான் இறங்க வேண்டிய பொன்னேரி எப்போது போனது என்று தெரியவில்லை. மீஞ்சூரில் இறங்கினேன்.