கரி துடைத்த இறக்கை

மார்ச் 3, செவ்வாய்

போர் விமான மாடலின் உடல் பாதிகள் இரண்டையும் ஒட்டியாயிற்று. முதுகு நெடுக ஒரு கோடு ஓடுகிறது, தையல் விட்டதுபோல. நாளை அதை அடைக்கப் புட்டிப் பசை. காய்ந்ததும் உப்புத்தாள்.

மதியம் எங்கள் சலவைக் கடையில் வேலை குறைந்தால் அப்பா இஸ்திரி மேஜையின் ஓரத்தை எனக்குத் தருகிறார். ஓரம் மட்டும். எல்லைக்கோடாக ஒரு ஹேங்கர்.

மார்ச் 7, சனி

இதை ஏன் செய்கிறேன் என்று தெளிவாக எழுதி வைக்க வேண்டும். பிற்பாடு எனக்கே சந்தேகம் வரும்.

அடுத்த மாதம் மாடல் சங்கத்தின் கண்காட்சி. முதலிடம் பெறும் மாடல் நகர அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில், கண்ணாடிப் பெட்டியில், ஒரு வருடம் நிற்கும். எனக்கு அந்தப் பெட்டி வேண்டும். ஏற்கெனவே மூன்று முறை போட்டியிட்டேன். மூன்று முறையும் நடுவர் எழுதியது ஒன்றே: “மிகவும் சுத்தம்.”

“சலவைக் கடைக்காரர் பொண்ணு, வேற எப்படி இருக்கும்?” என்றார் ஆணி அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அடுத்தவர் மாடலில் ரிவெட் ஆணிகளை எண்ணிக் குறை சொல்வதால் சங்கத்தில் அந்தப் பெயர். இப்போது பெட்டிக்குள் நிற்பது அவருடைய விமானம்.

இந்த முறை அழுக்காக்கப் போகிறேன். அழுக்கைப் பற்றி இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒரு சட்டையைப் பார்த்தே சொல்வேன்: இவர் எந்தத் தோளில் பை மாட்டுகிறார், பேருந்தில் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறார். எம்.ஏ.வில் பிரதிகளை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கு வெகு முன்பே காலர் வாசித்தவள் நான்.

மார்ச் 12, வியாழன்

மேலே பச்சையும் பழுப்பும். அடிவயிறு வெளிர் சாம்பல். ஒரு தூசிகூட ஒட்டவில்லை.

அம்மா துணிகளுக்குச் சீட்டுக் குத்துவதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள்.

“இப்பத்தான்டி அழகா இருக்கு. இப்படியே விட்டுடேன்.”

விடமாட்டேன் என்றேன்.

“எத்தனை பேரைச் சுட்டுச்சோ. அதைக் கொண்டாந்து சாப்பிடற இடத்துல வேற வைக்கிற.”

எடுத்து ஜன்னலோரம் வைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

விமானி இடப்பக்கமாக ஏறுவார். ஆகவே இடது இறக்கை உடலைத் தொடும் இடத்தில் பெயின்ட் தேய்ந்திருக்க வேண்டும். வலதில் அந்த அளவுக்குக் கூடாது. அந்த இடத்தில் அடியில் வெள்ளி நிறம் வைத்து, மேலே ஹேர் ஸ்பிரே அடித்து, அதன்மேல்தான் பச்சை அடித்திருந்தேன். இன்று ஈரப் பல்துலக்கியால் தேய்க்கத் தேய்க்கப் பச்சை செதில் செதிலாகப் பெயர்ந்து வெள்ளி தெரிந்தது. பூட்ஸ் கால்கள். யாரோ அவசரமாக ஏறியிருக்கிறார்கள்.

“மோசமில்லை” என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். பொய் அடக்கம் எதற்கு? பிரமாதமாக இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

இன்று கரி, சுட்டால் இறக்கையில் படியும் துப்பாக்கிப் புகைக்கரி. கறுப்புச் சுண்ணக்கட்டியையும் பழுப்பையும் பொடித்துக் கலந்து, உலர்ந்த தூரிகையால், இறக்கையின் அடியில். துப்பாக்கி வாயிலிருந்து பின்னோக்கி, காற்று இழுத்துச் சென்ற வாக்கில், போகப் போக மெலிந்து. இதுவரை நான் செய்ததிலேயே இதுதான் உச்சம்.

இறக்கையின் முன்விளிம்பில் துப்பாக்கி வாய்களை மூடிச் சின்னச் சிவப்பு ஒட்டுகள். உள்ளே தூசியும் ஈரமும் போகாமலிருக்க, பறப்பதற்கு முன் துணி ஒட்டுவார்களாம். சாம்பலுக்கும் கரிக்கும் நடுவே அந்தச் சிவப்பு கண்ணைப் பறிக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

சங்கத்துக்கு எடுத்துப் போனேன். கூட்டம் கூடியது. கவிழ்த்துக் காட்டினேன். யாரோ விசிலடித்தார்கள்.

ஆணி அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“தங்கச்சி, இந்தச் சிவப்பு ஒட்டு எதுக்கு?”

“தூசி போகாம இருக்க, அண்ணே.”

“சுட்டா அது என்னாகும்?”

“கிழிஞ்சிடும்.”

“கிழியலையே.”

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

“அப்ப இந்தக் கரி எங்கேருந்து வந்துச்சு? குண்டு கதவைத் தட்டிட்டு, ‘கொஞ்சம் திறங்க’ன்னு கேட்டுட்டு வெளிய வந்துச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

“ஒட்டைக் கிழி, இல்ல கரியை எடு. ரெண்டும் சேர்ந்து இருக்க முடியாது.”

வாசலில் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல்: “கரி ரொம்ப நல்லா வந்திருக்கு. அதான் எரிச்சலா இருந்துச்சு.”

மார்ச் 23, திங்கள்

எப்படி விட்டேன்? படிச்சுப் படிச்சு, பார்த்துப் பார்த்து, எப்படிடி விட்டே?

மார்ச் 24, செவ்வாய்

கிழித்துவிடலாம். பிளேடு முனையால் ஒவ்வொரு ஒட்டையும் ஒரு கீறு, ஓரத்தில் ஒரு பிசிறு. அவ்வளவுதான். கரி தப்பிக்கும். பிளேடை எடுத்தேன். வைத்தேன்.

கிழித்தால் இது இப்போதுதான் சுட்டுவிட்டுத் திரும்பிய விமானம். வீரம். கரியை எடுத்துவிட்டால் ஒரு பாவமும் அறியாத விமானம். இரண்டுமே சுவரொட்டி. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காததற்குக் காரணம் வேண்டாமா? வேண்டும். இன்னும் கிடைக்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

இஸ்திரிக்கு வந்திருந்த டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் என் கரித்தூள். அப்பா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“என்னம்மா இது? ஆஸ்பத்திரிக் கோட்டுல ஏரோப்ளேன் இறக்கியிருக்க?”

“நானே எடுத்துடறேன்ப்பா.”

“தண்ணி வைக்காத முதல்ல.”

“எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சவங்க கைதான் கோட்டுல இருக்கு.”

உதறினேன். மிச்சத்தை ஈரத் துணியால் ஒற்றி, ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தேன். கறை போய்விட்டது. ஆனால் அந்த இடம் மட்டும் கோட்டின் மற்ற பகுதியைவிட வெளுத்து, விளிம்பில் மெல்லிய வளையத்தோடு நின்றது. கோட்டை முழுதாகத் துவைத்தால்தான் அதுவும் போகும்.

கோட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாளாம்.

கரி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். துடைத்தும் இருக்கலாம்! நேற்றுச் சுட்டது. மாலையில் திரும்பியது. இன்று காலை தரைப் பணியாளர் ஒருவர் அடியில் குந்தி, இருந்த அவசரத்தில் முடிந்தவரை துடைத்துவிட்டு, புது ஒட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒட்டு கிழியவில்லை, ஏனென்றால் இன்றைக்கு இன்னும் பறக்கவில்லை.

விமானிக்கு எல்லோரும் மாடல் செய்கிறார்கள். துடைத்தவருக்கு?

மார்ச் 29, ஞாயிறு

கடை விடுமுறை. இஸ்திரி மேஜையின் அடிப்பலகையில் கறுப்பு ஷூ பாலிஷைப் பூசிவிட்டு, ஈரத் துணியோடு உள்ளே போய்க் குந்திக்கொண்டேன்.

“மேஜைக்கு அடியில என்னடி பண்ற?”

“இறக்கை துடைக்கிறேன்மா.”

“மேலே துடைச்சாலாவது எனக்கு ஒரு வேலை மிச்சம்.”

அண்ணாந்து துடைத்தால் கை நேர்கோட்டில் போகாது. தோள் மையம், கை ஆரம். ஒவ்வொரு இழுப்பும் ஒரு வில். முதல் சில இழுப்புகள் அழுத்தம். பிறகு தோள் கடுக்கிறது. துணி வெறுமனே தடவிக்கொண்டு போகிறது. எட்டாத மூலைகள் அப்படியே இருக்கின்றன.

அப்பா குனிந்து பார்த்தார்.

“துணியை மடிச்சு மடிச்சுத் துடைக்கணும். இல்லன்னா எடுத்த அழுக்கே திரும்ப அப்பும்.”

“சண்டை நேரத்துல மடிக்க யாருக்குப்பா நேரம்?”

கொஞ்சம் யோசித்தார். “சரி. அப்ப அப்பட்டும்.”

ஏப்ரல் 2, வியாழன்

செய்துவிட்டேன்.

கரி வெறும் தூள். மேலே இன்னும் வார்னிஷ் போடவில்லை. அதனால்தான் துடைக்க முடிந்தது. அதனாலேயே ஒரு தடவைதான் துடைக்க முடியும். பஞ்சுக் குச்சியின் முனையைச் சீவி, ஈரம் தொட்டு, விரலைத் தோளாக நினைத்துக்கொண்டு, வில் வில்லாக. என்னுடைய மிக நல்ல கரியை நானே அழித்தேன். கண் எரிந்தது. அழவில்லை, கண் சிமிட்ட மறந்திருந்தேன்.

வலது இறக்கையில் ஓர் இழுப்பு தவறி, கரி சிவப்பு ஒட்டின் விளிம்பு வரை அப்பிவிட்டது. ஐயோ. பிறகு பார்த்தால் — அவரும் அப்படித்தான் அப்பியிருப்பார்.

ஏப்ரல் 3, வெள்ளி

பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் போட்டாயிற்று. இனி என்னாலும் மாற்ற முடியாது.

ஏப்ரல் 11, சனி

கண்காட்சி. விமானத்தைக் கண்ணாடிப் பலகைமேல் நிறுத்தினேன், அடிப்பக்கம் தெரிய. நடுவர் விமான நிலையத்தில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டார்ச் வைத்துக்கொண்டு மேஜை மேஜையாக வந்தார். என் மேஜையில் நின்றார்.

“கரி கலைஞ்சிருக்கே. எடுத்துட்டு வரும்போது கை பட்டுச்சா?”

மூன்று வருடம் சுத்தம், இந்த வருடம் கை பட்டது. அவ்வளவுதானா?

“இல்ல சார். துடைச்சிருக்காங்க.”

“யாரு?”

“கீழே நிக்கிறவங்க. நேத்து சுட்டுட்டு வந்துச்சு. காலைல துடைச்சுட்டுப் புது ஒட்டு ஒட்டியிருக்காங்க. இன்னிக்கு இன்னும் கிளம்பல.”

மறுபடி குனிந்தார். நெடுநேரம். டார்ச்சை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை அண்ணாந்த வாக்கில் உயர்த்தி, வெற்றுக் காற்றில் ஒருமுறை இழுத்தார். ஒரு வில். பிறகு தாளில் எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

பக்கத்து மேஜையிலிருந்து ஆணி அண்ணன்: “வால்ல ஒரு ஆணி குறையுது.”

“மெதுவா சொல்லுங்கண்ணே.”

“மெதுவாத்தானே சொல்றேன்.”

ஏப்ரல் 26, ஞாயிறு

அருங்காட்சியகத்துக்கு மூவரும் போனோம். அப்பா போட்டிருந்தது அவரே இஸ்திரி போட்ட சட்டை. கசங்கிவிடுமென்று பேருந்தில் உட்காராமலேயே வந்தார். அம்மா வழியெல்லாம் கேட்டாள், டிக்கெட் உண்டா, நம்மிடமும் வாங்குவார்களா என்று.

முன்கூடத்தில், பெட்டிக்குள், கண்ணாடிப் பலகையின்மேல், என் விமானம்.

அப்பா முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“வலது பக்கம் இன்னும் கொஞ்சம் போயிருக்கும்.”

“போகக் கூடாதுப்பா.”

“தெரியும். சும்மா சொன்னேன்.”

பிறகு, பெட்டியின்மேல் யாருடைய விரல் தடமோ இருந்ததைப் பார்த்துக் கைக்குட்டையை எடுத்து, மடித்து, துடைக்க ஆரம்பித்தார். காவலாளி விரைந்து வந்தார்.

“சார், பெட்டியைத் தொடக் கூடாது.”

“உள்ளே இருக்கிறதைத் துடைச்சது என் பொண்ணு,” என்றார் அப்பா, கையை எடுக்காமல். “வெளிய நான் துடைக்கக் கூடாதா?”

காவலாளி என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார், இறக்கைக்கு அடியில் பார்க்க.