நெகிழாத பட்டை

மார்ச் 3

என் தவளைக்குட்டிக்கு,

பயிற்சி முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்வதும் ஒருவகையில் நல்லதுதான். இல்லாவிட்டால் என் பேச்சைப் பாதியில் துண்டித்திருப்பாய்.

கணுக்கால் பிசகியதற்கு டாக்டர் ஓய்வு சொன்னாராம். அவர் என்றைக்காவது வலைக்கு மேலே எம்பி வாலிபாலை அடித்திருக்கிறாரா? நான் இதைவிட வீங்கிய காலோடு ஆடியவன். யாரும் சொல்லித்தரவில்லை, வலிதான் சொல்லித்தந்தது. இறுதி ஆட்டத்துக்குத் தேர்வாளர்கள் வருகிறார்கள். நீ உட்கார்ந்தால் உன் இடத்தில் வேறொருத்தி நிற்பாள்.

நம் பட்டறையில் கார் சீட் தைத்து மிஞ்சிய பெல்ட்டில் ஒரு பட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். கடைகளில் விற்கிற ரப்பர் பட்டை மாதிரி நெகிழாது. இறுக்கிக் கட்டு. அம்மா வேண்டாம் என்கிறாள். அவளுக்கு எல்லாமே வேண்டாம்தான்.

அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பா,

பட்டை அளவு கச்சிதம். நேற்று அதைக் கட்டிக்கொண்டு ஆடினேன். முதலில் வலித்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. கழற்றியபோது விரல்கள் ஊதாவாக இருந்தன. அறைத்தோழி கிள்ளினாள், எனக்கு உறைக்கவே இல்லை. பயமாக இருக்கிறது அப்பா.

பயிற்சியாளர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். 'ஆட வேண்டாம்' என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும். உட்கார்ந்துவிடுவேன்.

உங்கள் மகள்

மார்ச் 12

தவளைக்குட்டிக்கு,

வலி தெரியவில்லை என்றால் பட்டை வேலை செய்கிறது என்று அர்த்தம். விரலின் நிறத்தைப் பார்த்தா பந்து எழும்புகிறது? எனக்கு இப்போது என்ன ஆகிவிட்டது? மாடிப்படி மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறேன். "அவளும் வரட்டும், அப்பாவும் மகளும் சேர்ந்தே இறங்கலாம்" என்றாள் அம்மா.

நீ கேட்ட வார்த்தையை என் கை எழுதாது. இன்னும் ஒரு பிடி இறுக்கு.

அப்பா

மார்ச் 27

தவளைக்குட்டிக்கு,

இறுதி ஆட்டத்தின் நடுவே உன்னைத் தூக்கிக்கொண்டுபோன ஆஸ்பத்திரியிலிருந்து பார்சல் வந்தது. கடிதம் இருக்கும் என்று உறையைக் கிழித்து உதறிப் பார்த்தேன். பட்டை மட்டும்தான். கத்தரியால் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். கொக்கியைக் கழற்றக்கூட நேரமில்லையா அவர்களுக்கு? என் தையல் ஓரிடத்திலும் விடவில்லை, கவனித்தாயா?

உன்னைப் பார்க்க ஓடிவந்த அம்மாவும் ஒரு வரி எழுதவில்லை. "நீங்க வர வேண்டாம்" என்று வாசலில் சொல்லிவிட்டுப் புறப்பட்டவள்தான்.

பட்டையை இரட்டைத் தையலாகத் தைத்து வைத்திருக்கிறேன். நாளை மறுபடி அனுப்புகிறேன். அளவு மாறியிருந்தால் மட்டும் எழுது.

அப்பா