பெரிய காய்ச்சலுக்கு எடுத்து வைத்த மாத்திரை

மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அம்மா ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடக்கிறாள். நேற்றிலிருந்து மூச்சு கொஞ்சம் சீராகியிருக்கிறது, அரை டம்ளர் பால் குடித்தாள், ஆறிப்போன பாலைக் கொடுத்தார்கள் என்று நர்ஸம்மாவிடம் சண்டையும் போட்டாள், அதனால் பிழைத்துவிடுவாள் என்று நம்புகிறேன். அவள் கண்ணைத் திறக்கட்டும் என்றுதான் கோபத்தை மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன், இனி முடியாது. இதை எழுதுவது உன் அண்ணன். அவனுக்கும் இதில் அர்ச்சனை உண்டு. ஒரு சொல்லை விட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன், திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பேன் என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

போன தடவை வந்தபோது நீ ஒரு மாத்திரைப் பெட்டியை அம்மா கையில் கொடுத்தாய். ஃப்ளூ காய்ச்சல் மாதிரி வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள் என்று அவளிடம் சொன்னாயாம், எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அவள் அதை நல்ல புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். இந்த வீட்டில் நல்ல சாமான் எதையாவது யாராவது தொட்டதுண்டா? நீ அனுப்பிய போர்வை வராத விருந்தாளிக்காக இன்னும் உறைக்குள்ளேயே இருக்கிறது. அப்படித்தான் மருந்தும். காய்ச்சல் வந்தது, உடம்பு முறித்துப்போட்ட மாதிரி வலிக்கிறது என்றாள். மாத்திரை என்று உன் அண்ணி வாயெடுத்ததும், இந்தச் சின்னக் காய்ச்சலுக்குப் போயி அவ்வளவு தூரத்துலருந்து வந்ததை வீணாக்கணுமாடி, பெரிய காய்ச்சல் வந்தா பாத்துக்கலாம் என்றாள். உன் அண்ணன், படித்த மகராசன், ஆமாம்மா இருக்கட்டும் என்று தலையாட்டினான். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டான், எடுத்து எழுதுடா என்றேன், எழுதுகிறான். உதடு நீலமான பிறகுதான் அலமாரிச் சாவியைத் தேடினார்கள். நான் அவள் கால்மாட்டிலேயேதான் உட்கார்ந்திருந்தேன், வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத மரக்கட்டையாக.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பெண், உன் வயதுதான் இருக்கும், காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்தாள். அப்போதே ஏன் வரவில்லை என்று கேட்டாள். முன்னாடி வந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அவள் சலித்துக்கொள்ளவில்லை. தாத்தா, நம்ம உடம்பு அணுக்கள் மேல ரோமம் மாதிரி சர்க்கரை முளைச்சிருக்கும், அதோட நுனியில இருக்கறது சயாலிக் அமிலம், கிருமி அதைப் பிடிச்சுத்தான் உள்ள நுழையும் என்றாள். உள்ளே குட்டி போட்டுப் பெருகி வெளியே வரும்போது அதே நுனியில் எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்குமாம். அதை வெட்டிவிட்டு ஓடுவதற்குக் கிருமி தன் மேலேயே கத்தி மாதிரி ஒரு நொதியை வைத்திருக்கிறதாம். இந்த மாத்திரை போய் அந்த நொதியின் வாயை அடைத்துவிடும், முதல் இரண்டு நாளைக்குள் போட்டால்தான் நல்ல பலன் என்றாள். துறைமுகத்தில் ஆயுசெல்லாம் கப்பலுக்குக் கயிறு கட்டி அவிழ்த்தவனுக்கு இது புரியாதா? கயிற்றை அறுத்துக்கொண்டு எல்லாக் கப்பலும் கடலுக்குப் போன பிறகு கத்தியைப் பிடுங்கி என்ன செய்ய? லேட்டானாலும் பரவாயில்லை என்று அதையே கொடுத்து, ஆக்சிஜனும் வைத்துத்தான் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்.

அந்த நொதியைத்தான் நீ இத்தனை வருஷமாகப் படிக்கிறாயாம், உன் அண்ணன் இப்போதுதான் சொன்னான். ஊரான் பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் மேடையேறிச் சொல்கிறாய். பெட்டியைக் கொடுத்த அன்றைக்கு, அது என்னம்மா என்று நான் கேட்டேன். பச்சைச் சட்டை போட்டிருந்தாய், சூட்கேஸ் பூட்டு மாட்டிக்கொண்டது என்று குனிந்திருந்தாய், நிமிராமலே சொன்னாய், அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா, விடுங்க. விட்டேன். அண்ணனிடம் அரை மணி நேரம் இங்கிலீஷில் பேசினாய், அவன் காதில் வாங்கிக் காற்றில் விட்டான். எழுத்து தெரியாதவனுக்குக் காதும் கிடையாது என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? வீட்டில் நாள் முழுக்க இருப்பவன் நான். ஒரு தடவை கேட்டதை மறக்காதவன் நான். என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேனா மாட்டேனா?

இன்று காலையில் உன் அண்ணிக்குக் காய்ச்சல், பல் கிட்டி நடுக்கம். சாயங்காலம் வரைக்கும் பாப்போம்ப்பா என்றான் இவன். பாத்து கிழிச்சது போதும்டா, வண்டியைக் கூப்பிடு என்றேன். அதே டாக்டர் பெண் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, முதல் மாத்திரையை என் கண் முன்னாலேயே போட வைத்தாள். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்து உன் அண்ணனைத் திட்டுகிறாள், அது நல்ல அறிகுறிதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, கிருமியோடு புழங்குகிறவள், கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அப்போதுதான் நான் உன்னைத் திட்ட முடியும். அடுத்த தடவை போன் செய்தால் முதலில் என்னிடம் கொடுக்கச் சொல். நம் தொண்டைச் சளியிலும் அந்தச் சர்க்கரை உண்டாமே, டாக்டர் பெண் சொன்னாள், அப்படியானால் கிருமி உள்ளே வரும்போதும் அந்த நொதி வெட்டிக்கொண்டுதான் வருகிறதா? உன் அண்ணனைக் கேட்டேன், தெரியாது என்கிறான், அதையும் அவன் கையாலேயே எழுதுகிறான். நீ பதில் சொல்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அப்பா
(கைநாட்டு)