நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன், இல்லையென்றால் முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து படி. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தம்பி தினமும் மேலதிகாரியைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருகிறான், அதனால் வேலை பிடித்துவிட்டது என்று தெரிகிறது.

நீ அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். பத்தாவதோடு நின்றவனுக்குப் பாதி புரியவில்லை, புரிந்த பாதியில் நான் இருந்தேன். "தெருச் சங்கத் தலைவர், ஆண், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்" என்று போட்டுப் பெயரை மட்டும் மறைத்திருக்கிறாயே, முகத்தை மூடி மூக்கை வெளியே விட்ட மாதிரி இருக்கிறது. அரசாங்கம் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டங்களில் யார் பேசுகிறார்கள் என்று தெருத் தெருவாக உட்கார்ந்து பார்த்தவள், நம் தெருவில் பாதிப் பேச்சு அந்த நடத்துநருடையது, பெண்கள் வாயே திறக்கவில்லை என்று எழுதிவிட்டாய். எனக்கு முதலில் சுர்ரென்று ஏறியது. அம்மாவிடம் காட்டினால், "பாதின்னா போட்டிருக்கா? பெத்த அப்பன்ங்கற பாசத்துல குறைச்சுப் போட்டிருக்கா" என்றாள். அதற்குமேல் யாரிடம் போய் நியாயம் கேட்பது? அடுத்த கூட்டத்தில் எல்லோரும் பேசி முடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

போயும் போயும் அந்தக் கூட்டம்தான் தலைபோகிற கூட்டமாக வந்து வாய்த்தது. நம் தெருக்கோடி சுகாதார நிலையத்தை மூடி, பெரிய ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருப்பதோடு சேர்க்கப்போகிறார்களாம். அந்த ரோடு உனக்குத் தெரியும், லாரி ஓயாது, நடந்து கடக்க ஒரு வெள்ளைக் கோடு கூடக் கிடையாது. பள்ளிக்கூட அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அதிகாரி விவரம் சொல்லிவிட்டு, யாருக்காவது கருத்து உண்டா என்று கேட்டார். வழக்கப்படி எல்லாத் தலையும் என்னைப் பார்த்துத் திரும்பியது. நான் இருமல் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தேன். தையல்கார அம்மா பின்னாலிருந்து, "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. ஆண்கள் ஒதுங்கினால் பெண்கள் பேசுவார்கள் என்று கட்டுரையில் எழுதினாய் அல்லவா, ஒருவரும் பேசவில்லை கண்ணு. அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி, "அப்ப யாருக்கும் ஆட்சேபணை இல்லன்னு எழுதிக்கறேன்" என்று பேனாவைத் திறந்துவிட்டார். பஸ்ஸில் முப்பது வருஷம் கத்தின தொண்டை, என் நிலைமையை யோசித்துப் பார். எழுந்தேவிட்டேன். அம்மா என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்த கையோடு, தானே எழுந்து நின்றாள். "எழுதிடாதீங்க சார், நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. ஜுரத்துல துவண்ட பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு அந்த ரோட்டை நீங்க ஒருதடவை தாண்டிக் காட்டுங்க, அப்புறம் எழுதுங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, கார்ல போனா அஞ்சே நிமிஷம்தானே என்றார். உடனே தையல்கார அம்மா, "அப்ப காரை இங்கயே விட்டுட்டுப் போங்க சார், நாங்க அதுல போய்க்கறோம்" என்றதும் அறையே சிரித்தது. அதற்கப்புறம் யார் எதைப் பேசினார்கள் என்று என்னைக் கேட்காதே, மாடி வீட்டு மருமகள் பிள்ளைப்பேறு பார்க்க வரும் நர்ஸைப் பற்றி ஆரம்பித்தாள், இன்னொருத்தி குறுக்கே விழுந்தாள், அவர்களுக்குள்ளேயே ஒரு சண்டையும் நடந்தது. கடைசியில் அதிகாரி எதையும் எழுதாமல் பேனாவை மூடினார். வருகிற வியாழக்கிழமை காரை விட்டுவிட்டு, இவர்களோடு அந்த ரோட்டை நடந்து தாண்டிப் பார்த்த பிறகுதான் முடிவு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியில், நான் சும்மா இருந்ததால்தானே நீ பேசினாய் என்று கொஞ்சம் பெருமையாகவே கேட்டேன். "நீங்க சும்மா இருந்ததுக்காக இல்ல, அந்த ஆளு பேனாவைத் திறந்தாரே, அதுக்குத்தான். இத்தனை நாள் கூட்டம்னா நீங்க பேசறது, நாங்க நாற்காலி மடிக்கறதுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். அப்படியே திரும்பிப் போய், மிச்சமிருந்த நாற்காலிகளை நானே மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது உன் விஷயம். கணக்குக்கு ஒத்துவராத தெருக்களைக் கட்டுரையிலிருந்து விட்டுவிடு என்று உன் பேராசிரியர் சொல்வதாகப் போனில் அழுதாயே, விடாதே. உன் எண்ணம் நம் தெருவிலும் முழுசாகப் பலிக்கவில்லை, ஆண்கள் நாங்கள் வாயை மூடினால் மட்டும் போதவில்லை, அந்த மௌனத்தையே சம்மதமாக எழுதிக்கொள்ளப் பார்த்தார்கள். அதையும் அப்படியே எழுது. அப்பாவை மூக்கோடு எழுதியவளுக்குப் பேராசிரியரிடம் பேசவா பயம்? அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு தடவை போய் நில். நாங்களும் அப்படித்தான், வியாழக்கிழமை அவர் வராவிட்டால் வெள்ளிக்கிழமை தெருவே அவர் அலுவலக வாசலில் நிற்கும், முன்னால் உன் அம்மா. இதில் பின்வாங்குவதாக இல்லை.

தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டு, ராத்திரி கண் விழிக்காதே, தம்பிக்கு ஒரு வரி எழுது. எடுத்த காரியத்தை முடித்து, நெஞ்சு நிமிர்ந்து, நீண்ட ஆயுளோடு இருக்க அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். முடிவு எழுதியாகும்வரை நம் தெருவில் கூட்டம் ஓயாது, அம்மா பேசிக்கொள்வாள்.

இப்படிக்கு,
நாற்காலி மடிக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அப்பா